பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் ஒரு தொலைக்காட்சி நிலையம்

அமெரிக்கா போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். நயாகரா, சுதந்திர தேவி சிலை, காலணி, வைட்டமின் மாத்திரை. பெரியம்மா மட்டும் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கல்யாணக் கேசட்டு உங்க அக்காகிட்டதான் இருக்கு. எப்படியாவது அதப் பார்க்குற மாதிரி ஆக்கிக் கொண்டு வாய்யா."

82 வயதுக்காரர். தாமான் ஸ்ரீ மூடாவில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. சோபா போனது, குளிர்சாதனப் பெட்டி போனது, அவற்றோடு தொலைக்காட்சிக்குக் கீழே அலமாரியில் இருந்த வீடியோ கேசட்டுகளும் ஆல்பங்களும் சேறாகிப் போயின. சோபா வாங்கிவிட்டார்கள். பெரியப்பா நடமாடுகிற படம் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

இருந்த ஒரே பிரதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அக்காவின் சேலைகளுக்கு அடியில்.

1996இல் கிள்ளானில் நடந்த கல்யாணம். எனக்கு அப்போது 14 வயது. பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். வீடியோக்காரர் இரண்டு கேசட் கொடுத்தார். முதலில் கலந்து முடித்ததை அக்காவிடமும், அதைப் பார்த்து இன்னொரு பிரதி எடுத்து பெரியப்பாவிடமும். 1998இல் அத்தானுக்கு பாஸ்டன் பக்கம் கணினி வேலை கிடைத்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகளெல்லாம் கலங்கிவிடும் என்று உலகமே பயந்த நேரம் அது. அக்கா தன் கேசட்டைக் கைப்பெட்டியில் வைத்துக் கொண்டு போனாள். அடுத்த ஆண்டு பெரியப்பா மாரடைப்பில் இறந்தார். அக்காவுக்கு எட்டு மாதம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வர முடியவில்லை.

காரியம் முடிந்த அன்று இரவு அங்கே அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டாளாம். சாம்பல் நிறப் பட்டைகள் உருண்டு உருண்டு போனதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விமான நிலைய எக்ஸ்ரேயில் கெட்டுவிட்டது என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மூடி வைத்துவிட்டாள். இத்தனை ஆண்டுகளாக அதுதான் குடும்பத்தில் எல்லாரும் நம்பிய கதை.

சென்ற அக்டோபரில் போனேன். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் தடத்து ரயிலைப் பிடிக்க வேண்டும். நம் கேடிஎம் கொம்முயூட்டரைப் போன்றதுதான். பெட்டிகள் இன்னும் பழையவை, நடத்துநர் நடந்து வந்து டிக்கெட் பார்க்கிறார். வால்தம், லிங்கன், கான்கார்ட் என்று ஊர்கள் கழிகின்றன. கான்கார்டுக்கு முன்னால் மரங்களுக்கு நடுவே ஒரு குளம் தெரியும். ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் இரண்டு வருடத்துக்கு மேல் குடிசை போட்டுத் தங்கிய வால்டன் அதுதான். இலையுதிர் கால நிறங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. குளிரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: கிள்ளான்காரனுக்கு ஒன்பது டிகிரி என்பது இலை பார்க்கிற வெயில் அல்ல.

அக்கா இருக்கும் ஊரின் பெயரை எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. "சின்ன ஊருடா, எல்லாரும் எல்லாரையும் கண்டுபிடிச்சிருவாங்க." சரி.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் கேசட் பேச்சை எடுத்தேன். "அது செத்துப்போச்சு, விடு" என்றாள். அதோடு பேச்சை மாற்றி, "இன்னிக்கு ராத்திரி எனக்கு ஸ்டூடியோ வேலை இருக்கு, நீயும் வா" என்றாள். கணக்காளர் வேலை பார்க்கிற அக்காவுக்கு என்ன ஸ்டூடியோ?

அந்த ஊருக்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி ஓர் இரும்புக் கதவு. அதுதான் வாசல். ஊர்க்காரர் யாரும் இலவசப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, தேறி, கருவிகளை எடுத்துப் பயன்படுத்தலாம், நிகழ்ச்சி தயாரிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், வேலை முடிந்து வருகிறவர்கள். சம்பளம் வாங்குவோர் இரண்டோ மூன்றோ பேர். அக்கா சேர்ந்து இரண்டு வருடம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை.

நமக்குத் தொலைக்காட்சி என்றால் அங்காசாபுரி, அல்லது புக்கிட் ஜாலில். காவலர் இருக்கும், அடையாள அட்டை இருக்கும். பக்கத்து வீட்டு ஆண்ட்டி போய்க் கேமரா பிடிக்கிற இடமாக அதை நாம் நினைத்ததே இல்லை.

ஸ்டூடியோ என்பது நம் வகுப்பறை அளவு. கறுப்புத் திரை, மூன்று கேமரா, மேலே கம்பிகளில் விளக்குகள். அதை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் கனத்த கதவுக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டு அறையில்தான் கால் நின்றுவிட்டது. நீள மேசை, இருட்டு, சுவர் முழுக்கத் திரைகள். குளிரூட்டியின் சத்தம். வெளியே ஒன்பது டிகிரி, உள்ளே அதைவிடக் குளிர். இயந்திரங்களுக்காகவாம்.

சுவரில் பெரிதாக இரண்டு திரைகள், அவற்றைச் சுற்றிச் சின்னதாகப் பல. சின்னவற்றில் ஒவ்வொரு கேமராவும் என்ன பார்க்கிறது என்று தெரியும். பெரிய இரண்டில் இடப்பக்கம் பச்சைச் சட்டம், வலப்பக்கம் சிவப்புச் சட்டம். சிவப்பில் இருப்பது இப்போது ஊரார் வீட்டில் தெரிவது. பச்சையில் இருப்பது அடுத்து போக வேண்டியது. நடுவில் மேசை மேல் ஸ்விட்ச்சர். இரண்டு வரிசைப் பொத்தான்கள், பக்கத்தில் கியர்க் கம்பி போல் ஒரு பிடி. கீழ் வரிசையில் அழுத்தினால் பச்சைக்கு வரும். பிடியை இழுத்தால் பச்சை சிவப்பாகும், ஒரு படம் கரைந்து மறு படம் வரும். பொத்தானைத் தட்டினால் கரையாமல் வெட்டிக்கொண்டு மாறும். அவ்வளவுதான் அடிப்படை. கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இலை போட்டு வைத்துக்கொண்டு இந்தப் பந்தி எழுவதற்குக் காத்திருப்பது மாதிரி.

எந்தக் கேமரா ஒளிபரப்பில் இருக்கிறதோ அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். டேலி என்கிறார்கள். பேசுகிறவர் எங்கே பார்க்க வேண்டும் என்று அதைக் கண்டு தெரிந்துகொள்வார். கேமரா பிடிப்பவருக்கும் அது எச்சரிக்கை: எரியும்போது மூக்கைச் சொறிய நகராதே.

ஒலிக்குத் தனியாக ஒரு பலகை. வரிசையாக ஏற்றி இறக்கும் குமிழ்கள், ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை ஒட்டுநாடாவில் பேனாவால் எழுதிய பெயர்: தொகுப்பாளர், விருந்தினர் 1, விருந்தினர் 2, தொலைபேசி. இவ்வளவு விலையுள்ள கருவிகளுக்கு நடுவில் எல்லாவற்றையும் காப்பாற்றுவது அந்த ஒட்டுநாடாதான் என்று எனக்குத் தோன்றியது. நிகழ்ச்சி முடிந்ததும் கிழித்துவிட்டு அடுத்ததற்குப் புதிதாக ஒட்டுகிறார்கள்.

அன்றிரவு நேரலை. தீயணைப்பு நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஊர் கடன் வாங்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் விவாதம். மாசசூசெட்ஸின் சிறிய ஊர்கள் பலவற்றில் இன்னும் ஊர்க்கூட்டம்தான் சட்டசபை. வாக்காளர்கள் மண்டபத்தில் கூடி, கையைத் தூக்கி வரவு செலவை முடிவு செய்கிறார்கள். இலையுதிர் காலத்துக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்க இதுதான் வழி. தொலைபேசியில் கேள்வியும் கேட்கலாம்.

அக்காதான் இயக்குநர். வீட்டில் அத்தானிடம் மெதுவாகப் பேசுகிற அக்கா, தலையில் ஹெட்செட் மாட்டியதும் ஆளே மாறிவிட்டாள். "ரெடி டூ. டேக் டூ. த்ரீ, கொஞ்சம் லெஃப்ட். நல்லாருக்கு, அங்கயே நில்லு." கடைசி வாக்கியம் தமிழில் போய்விட்டது, கேமரா மூன்றில் இருந்த பள்ளி மாணவனுக்குப் புரிந்தும்விட்டது. அந்த ஹெட்செட் கம்பித்தொடரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கலாம். இயக்குநர் பேசும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பதே முதல் பாடம்.

எழுத்துப் போடும் கணினிக்கு வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். அக்கா என்னைப் பார்த்தாள். "நீ டைப் பண்ணுவதானே?" போர்ட் கிளாங்கில் சரக்குப் பத்திரம் அடிக்கிறவன் நான், தட்டச்சு வரும். பேசுகிறவரின் பெயரும் அவர் எந்தப் பக்கம் என்பதும் திரையின் கீழ்ப்பகுதியில் வர வேண்டும். முன்பே அடித்துப் பக்கங்களாக வைத்திருந்தார்கள். பக்கத்தைத் தயாராக்க வேண்டும், சொல்லும்போது ஏற்ற வேண்டும், சொல்லும்போது இறக்க வேண்டும். குழந்தை வேலை.

பன்னிரண்டாவது நிமிடம் 'கடனுக்கு எதிர்ப்பு' என்ற எழுத்தை, கடனை ஆதரிக்கிறவரின் முகத்துக்குக் கீழே ஏற்றினேன்.

"தம்பி, எடு. எடு. எடுடா!"

எந்த விசை என்று கை தேடிக்கொண்டே இருந்தது. ஸ்விட்ச்சரில் இருந்த மாணவி எனக்காகக் காத்திருக்கவில்லை. எழுத்து அடுக்கையே ஒரு பொத்தானில் நிறுத்திவிட்டாள். ஆறு விநாடி இருக்கும். காது சூடாகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்து அந்த மனிதர் கட்டுப்பாட்டு அறைக்கே வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். "ஆறு விநாடி என் மனைவிக்கு மகிழ்ச்சி. அவள் எதிர்ப்பக்கம்" என்றார்.

தொலைபேசியில் வந்த ஒன்பது அழைப்பில் ஒரு மூதாட்டி மட்டும் தீயணைப்பு நிலையம் பற்றிக் கேட்கவில்லை. தொகுப்பாளரின் ஒலி குறைவாக இருக்கிறது, போன வாரமும் குறைவாக இருந்தது என்றார். அழைப்பை எடுத்தவர் நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஒலிப் பலகைப் பக்கம் திரும்பி விரலை மேலே காட்டினார். குமிழ் அரை அங்குலம் ஏறியது. இவ்வளவு வேகமாகப் புகார் தீர்த்த ஒளிபரப்பு நிறுவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அந்த நிலையத்தில் பொறியாளர் வேலையைத் தன்னார்வமாகப் பார்க்கும் ஒரு பெரியவர் சொன்னார். எழுபதைத் தாண்டியவர், தொலைபேசித் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அறையின் கோடியில் ஆளுயர இரும்புச் சட்டங்களுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி. 1967இல் சோனி நிறுவனம் தோளில் தூக்கிப் போகக்கூடிய போர்ட்டாபேக் வீடியோ கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுவரை நிலையங்களுக்குள் இருந்த படம் தெருவுக்கு வந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சாதாரண மக்கள் கையில் கேமரா கொடுக்கும் திட்டத்தை நடத்திய ஜார்ஜ் ஸ்டோனி நியூயார்க் வந்து, 1971இல் ரெட் பர்ன்ஸ் என்ற பெண்மணியோடு சேர்ந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையம் தொடங்கினார். அதே ஆண்டு மன்ஹாட்டனில் கேபிள் அலைவரிசைகள் பொதுமக்களுக்குத் திறந்தன. கேபிள் நிறுவனம் தெருவைத் தோண்டிக் கம்பி போடுகிறது. தெரு ஊருக்குச் சொந்தம். அதற்கு வாடகையாக ஊருக்குச் சில அலைவரிசைகளும் பணமும் கொடு என்பதே வாதம். 1984ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் அதற்கு வழி செய்தது: கேபிள் வருமானத்தில் 5 விழுக்காடு வரை ஊர் கட்டணமாகக் கேட்கலாம், பொதுமக்கள், கல்வி, அரசாங்கம் என மூன்று வகை அலைவரிசைகள் கேட்கலாம், அவற்றில் வருவதைக் கேபிள் நிறுவனம் தணிக்கை செய்யக் கூடாது.

அந்தக் காசில்தான் இந்த அறை ஓடுகிறது. சிக்கலும் அங்கேதான். அந்தக் கட்டணம் கேபிள் தொலைக்காட்சிக்கு மட்டும். அதே கம்பி வழியாக வரும் இணையத்துக்கு இல்லை; நெட்பிளிக்ஸ் பார்ப்பதற்கும் இல்லை. ஒவ்வொரு வீடாகக் கேபிளை வெட்ட வெட்ட இந்த அறையின் வருமானம் வடிகிறது. காரில் திரும்பும்போது அக்காவிடம் கேட்டேன், "உன் வீட்டுல கேபிள் இருக்கா?"

"மூணு வருஷமா இல்ல."

அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெரியவரின் சட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றில் புதியவை: நாள் முழுக்க அட்டவணைப்படி நிகழ்ச்சிகளைத் தானே ஓட்டும் சர்வர், காது கேளாதோருக்கு எழுத்து சேர்க்கும் பெட்டி, எல்லாக் கருவிகளும் ஒரே தாளத்தில் படம் அனுப்பக் காலம் பிடித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று. நம் நாதஸ்வரக் கச்சேரியில் தாளக்காரர் மாதிரி. யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால் எல்லாம் குலையும். இன்னொரு சட்டத்தில் பழையவை. முக்கால் அங்குல நாடா ஓட்டும் யூமேட்டிக் டெக்குகள், எஸ்-விஎச்எஸ் டெக்குகள், கீழ்த்தட்டில் பானாசோனிக் எம்எக்ஸ்-50 மிக்சர் ஒன்று. "இவை ஏன் இன்னும்?" என்றேன். ஊரின் முப்பது வருடக் கூட்டங்கள் இந்த நாடாக்களில் இருக்கின்றன, ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றுகிறேன் என்றார். ஊரார் வீட்டு நாடாக்களையும் கொண்டு வந்து கொடுக்கலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது, ஆனால் விமான நிலைய எக்ஸ்ரேயில் போய்விட்டது என்றேன்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "உங்கள் ஊரில் மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ்?"

"ஐம்பது."

"அப்படியானால் எக்ஸ்ரே ஒன்றும் செய்யவில்லை. எக்ஸ்ரேயால் காந்த நாடாவை ஒன்றும் செய்ய முடியாது."

அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி முறைகள் அந்தந்த நாட்டு மின்சாரத்தின் துடிப்பை ஒட்டி அமைந்தவை. அவர்களுடையது என்டிஎஸ்சி: 525 வரி, விநாடிக்குச் சுமார் 30 படம். நம்முடையது பால் முறை: 625 வரி, 25 படம். கேசட்டின் உருவம் ஒன்றே. அதே ஓட்டைக்குள் நுழையும், சுற்றும். ஆனால் அமெரிக்க வீசிஆருக்கு நம் படம் அறியாத மொழி. அக்கா பார்த்த சாம்பல் பட்டைகள் அதுதான். 1999இல் அந்த இரவு அழுதுகொண்டே அவள் மூடி வைத்தது கெட்டுப்போன நாடாவே இல்லை.

மறுநாள் காலை இதை அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த தோசைக் கரண்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது மஞ்சள் பையில் சுற்றிய கேசட்.

சனிக்கிழமை மூவரும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தோம். பெரியவர் உடனே போடவில்லை. கேசட்டின் மூடியைத் தூக்கி விளக்கில் பார்த்தார். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. கிள்ளான் ஈரம், மாசசூசெட்ஸ் வரை வந்திருக்கிறது. ஓட்டை அப்படியே ஓட்டினால் டெக்கின் தலையும் அழுக்காகும், நாடாவும் கிழியும். திருகாணிகளைக் கழற்றி, சுருள்களைப் புது ஓட்டுக்குள் மாற்றினார். ஆல்கஹால் தொட்ட மென்தோல் குச்சியால் டெக்கின் தலையைத் துடைத்தார். முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றி, மறுபடி துடைத்தார். ஒன்றரை மணி நேரம் போனது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

டெக், எல்லா நாட்டு முறைகளையும் படித்து அமெரிக்க முறையில் வெளியே அனுப்பும் ரகம். அதிலிருந்து கம்பி டைம் பேஸ் கரெக்டர் என்ற பெட்டிக்குப் போகிறது. பழைய நாடா இழுபட்டிருக்கும். வரிகள் நேரத்துக்கு வராமல் சில முந்தும், சில பிந்தும். அதனால் படத்தின் விளிம்பு நெளியும். இந்தப் பெட்டி ஒவ்வொரு வரியையும் நினைவில் பிடித்து வைத்து, சரியான நேரத்தில் ஒவ்வொன்றாக விடுகிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சாலை கடக்க விடுகிற ஆசிரியை மாதிரி.

ஓட்டினார். சுவரில் அந்தப் பெரிய திரையில், தீயணைப்பு நிலைய விவாதம் தெரிந்த அதே இடத்தில், கிள்ளான் மண்டபத்து வாசல். வாழை மரம். பன்னீர்ச் சொம்போடு நின்ற சித்திகள். ஒல்லியாக, தண்ணீர் ஜக்கோடு நான்.

பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேடையில் ஏறினார். தாரை வார்க்க அக்காவின் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் தன் கலையைக் காட்டியிருக்கிறார்: படம் விட்டு விட்டு நின்றது, பிறகு சதுரம் சதுரமாக உடைந்தது. பெரியப்பாவின் முகம் பதினாறு கட்டமாகி, மாலையாகி, கோபுரமாகி விட்டது.

பெரியவர் சிரித்துவிட்டார். கீழ்த்தட்டில் இருந்த எம்எக்ஸ்-50ஐக் காலால் சுட்டினார். "இதே விசை. நாங்களும் பள்ளி ஆண்டு விழாவையெல்லாம் இப்படித்தான் கெடுத்தோம்." அக்கா சிரிக்கவில்லை. "பேசவே மாட்டேங்குறாரே" என்றாள்.

உண்மை. நாடா முழுக்கச் சினிமாப் பாட்டு. அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாண வீடியோவும் அப்படித்தான். வாசலிலிருந்து பந்தி வரை பாட்டை ஏற்றிவிடுவார்கள், யாருடைய குரலும் இருக்காது. பெரியப்பா வாயை அசைக்கிறார், பின்னால் ஒரு டூயட் ஓடுகிறது. இதை நான் பெரியவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒலி அழிக்கப்பட்டிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது, பரவாயில்லை என்று.

அவர் நாடாவை நிறுத்தினார். "இது முதல் பிரதியா, பிரதியின் பிரதியா?"

"முதல்."

டெக்கின் முன்பக்கம் ஒரு சின்ன விசை, 'நார்மல்' என்ற இடத்தில் இருந்தது. பழைய நாடாக்களில் மற்றது படபடக்கும் என்பதால் எப்போதும் அங்கேயே வைத்திருப்பாராம். அதை 'ஹை-ஃபை' பக்கம் தள்ளினார்.

விஎச்எஸ் நாடாவில் ஒலிக்கு இரண்டு இடம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்று நாடாவின் ஓரமாக நேராக ஓடும் மெல்லிய கோடு. எல்லா வீசிஆரும் அதைப் படிக்கும். பிறகு பாட்டு ஏற்ற வேண்டுமானால் அந்தக் கோட்டில்தான் ஏற்றுவார்கள். இன்னொன்று, ஹை-ஃபை டெக்கில் பதிவு செய்திருந்தால், படத்துக்கு அடியில், நாடாப் பூச்சின் ஆழத்தில் சுழலும் தலையால் எழுதப்பட்டிருக்கும். படத்தை அழிக்காமல் அதைத் தனியாக மாற்ற முடியாது. வீடியோக்காரர் மேலே பாட்டைப் பூசினார். அடியில் இருந்தது அப்படியே கிடந்தது. கிள்ளானில் எங்கள் வீடுகளில் இருந்த சாதாரண வீசிஆர்களுக்கு அது கேட்டிருக்கவே கேட்டிருக்காது. வெள்ளத்தில் போன பிரதியில், பாட்டோடு எடுக்கப்பட்டதால், அது இருந்திருக்கவும் வாய்ப்பில்லை.

ஓட்டினார். முதலில் ஹெலிகாப்டர் போல் ஒரு படபடப்பு. டிராக்கிங் குமிழைத் தலைமுடி அளவு திருப்பினார். படபடப்பு விலகியது. மேளம் வந்தது. பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை, யாரோ இருமுகிறார்கள். பந்தி நடக்கிற இடம். தூரத்தில் பெரியப்பா, கையைத் தூக்கிக்கொண்டு.

"ஏய், வாசல்ல லோரி நிக்குது பாரு, எடுக்கச் சொல்லு! மாப்பிள்ள வீட்டுக்காரங்க கார் எப்படி உள்ள வரும்?"

பிறகு கேமரா பக்கம் திரும்பி, "சாப்டியாய்யா? போ, போய்ச் சாப்பிடு, படம் அப்புறம் புடிக்கலாம்."

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இன்னொரு தடவ" என்று தமிழில் சொன்னாள். பெரியவர் பின்னுக்குச் சுற்றினார். நான்கு முறையோ ஐந்து முறையோ. ஐந்தாவது முறை, லோரியை எடுக்கச் சொல்லும் இடத்தில், அவளும் கூடவே வாயசைத்தாள்.

மூன்று மணி நேர நாடாவை முழுதாகக் கணினிக்கு ஏற்றினோம். இரண்டு ஒலியையும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தார். சதுரங்களைச் சரி செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது, அது படத்திலேயே இருக்கிறது என்றார். கட்டணம் எவ்வளவு என்றதற்கு, நீங்கள் இன்னொரு நாள் எழுத்துப் போட வர வேண்டும் என்றார். பிறகு, வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றார்.

நான் புறப்படுவதற்கு முன்தினம் அத்தான் கேபிள் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து அடிப்படைத் தொகுப்பு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்தார்களா என்று இன்னும் கேட்கவில்லை.

ஸ்ரீ மூடாவில் புதுச் சோபாவில் பெரியம்மாவை உட்கார வைத்து, பென் டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினேன். பாட்டில்லாத ஒலியைப் போட்டேன். பெரியப்பா லோரியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த லோரி இவரு கொண்டாந்து நிறுத்துனதுதான்" என்றார். "நாற்காலி ஏத்தியாந்துட்டு, எடுக்க மறந்துட்டாரு."

பிறகு, சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.